ஒரே கோப்பையும் இரட்டைக் குவளையும்

“சாதின்னா என்ன தம்பி? வெள்ளைக்காரன் கில்டுன்னு வெச்சிருந்தான், நாம சாதின்னு வெச்சிருந்தோம். ரெண்டும் தொழில் சங்கந்தான். அவன் இன்னைக்கும் அங்கி மாட்டிக்கிட்டு ஊர்வலம் போறான், யாரும் அவனைக் கேள்வி கேக்கல. நாம மட்டும் ஏன் வெக்கப்படணும்?”

லண்டனில் ஒரு பொங்கல் விழாவில், பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்த ஓர் அண்ணன் என்னிடம் சொன்னது இது. படித்தவர், கணக்காளர், ஊர்ப் பிள்ளைகளுக்கு வேலை வாங்கித் தருகிறவர். இந்த வாதம் புதிதல்ல. கல்லூரி விடுதியிலும் தொலைக்காட்சி விவாதத்திலும் கல்யாணப் பந்தியிலும் நீங்களும் கேட்டிருப்பீர்கள். அன்று நான் பதில் சொல்லாமல் எழுந்து கை கழுவிவிட்டு வந்தேன். பதில் இல்லாமலில்லை. அது நீளமானது, பாயசம் ஆறிப்போயிருக்கும்.

இப்போது சொல்கிறேன். சொல்ல எனக்கு ஒரு தகுதியும் உண்டு. மாணவனாக இங்கே வந்த காலத்தில், ஓராண்டு முழுக்க அந்த கில்டுகளின் மாளிகைகளில் ஏஜென்சி மூலம் பரிமாறும் வேலை பார்த்தேன். அவர்களுடைய ஓராண்டுச் சடங்குகளில் சிலவற்றைக் கையில் தட்டேந்தியபடி பார்த்தேன். சிலவற்றைத் தெருவோரம் கூட்டத்தோடு நின்று பார்த்தேன்.

லண்டன் மாநகரின் நடுவே ஏறத்தாழ ஒரு சதுர மைல் பரப்பு ‘சிட்டி’ எனப்படுகிறது. வங்கிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் நிறைந்த அந்த இடத்துக்குத் தனி மேயர், தனி நிர்வாகம். இடைக்காலத்தில் அங்கே தொழில் செய்தவர்கள் அமைத்த கில்டுகள்தான் இன்றைய லிவரி கம்பெனிகள். லிவரி என்றால் அவர்கள் அணியும் சீருடை அங்கி. துணி வணிகர், மளிகை வணிகர், மீன் வணிகர், பொற்கொல்லர், தோல் வினைஞர், நாவிதர் என்று இன்று 110க்கும் மேற்பட்ட கம்பெனிகள் இருக்கின்றன.

அவர்களுடைய ஆண்டு நவம்பரில் தொடங்குகிறது. புதிய லார்டு மேயர் பதவியேற்கும் நாளின் சடங்குக்கு ‘மௌனச் சடங்கு’ என்று பெயர். கில்டுஹாலில் வாளும் செங்கோலும் கைமாறுகின்றன. புதியவர் உறுதிமொழி வாசிப்பதைத் தவிர ஒரு சத்தம் இல்லை. மறுநாள், நவம்பரின் இரண்டாம் சனிக்கிழமை, ஊர்வலம். 1757ல் செய்த தங்க முலாம் பூசிய தேர்வண்டியில் மேயர் போகிறார். 1215ல் ஜான் மன்னன் கொடுத்த சாசனப்படி, தேர்ந்தெடுக்கப்பட்டவர் மன்னர் தரப்பிடம் நேரில் போய் விசுவாசம் தெரிவிக்க வேண்டும் என்ற பழைய நிபந்தனையின் மிச்சம் அது. குளிர்காலத்தில் பொற்கொல்லர் மாளிகையில் அரசு நாணயங்களை எடை போட்டு, உரைத்துப் பார்க்கும் விசாரணை ஒன்று நடக்கிறது. நோன்புக் காலம் தொடங்குவதற்கு முந்தைய செவ்வாயன்று அங்கி போட்ட பெரிய மனிதர்கள் வாணலியில் தோசை போன்ற பான்கேக்கைத் தூக்கிப்போட்டுப் பிடித்தபடி கில்டுஹால் முற்றத்தில் ஓடுகிறார்கள். துப்பாக்கி செய்வோர் கம்பெனி வெடி வைத்து ஓட்டத்தைத் தொடங்குகிறது, கடிகாரம் செய்வோர் கம்பெனி நேரம் கணக்கிடுகிறது. நோன்புக் காலத்தில் எல்லாக் கம்பெனிகளும் செயின்ட் பால் பேராலயத்தில் கூடி வழிபடுகின்றன. குண்டுவீச்சில் நகரம் நொறுங்கியிருந்த 1943ல் தொடங்கிய வழக்கம் அது. ஜூனில் ஷெரீப் தேர்தல். செப்டம்பர் 29ஐ ஒட்டி அடுத்த மேயரின் தேர்தல். இடையிடையே விருந்து, விருந்து, மேலும் விருந்து.

அண்ணன் சொன்னதில் பாதி உண்மைதான். வெளியிலிருந்து பார்த்தால் நம் ஊர்த் திருவிழாவைப் போலத்தான் இருக்கிறது. இன்னாருக்கு இன்ன நாள் மண்டகப்படி, இன்னாருக்கு முதல் மரியாதை, இன்னார் முன்னே, இன்னார் பின்னே. அங்கும் வரிசை உண்டு. 1515ல் சிட்டியின் ஆல்டர்மன்கள் அப்போதிருந்த 48 கம்பெனிகளுக்கு வரிசை எண் போட்டார்கள். முதல் பன்னிரண்டுக்கும் இன்றுவரை ‘பெரிய பன்னிரண்டு’ என்றே பெயர்.

ஆனால் அந்த வரிசைக்குள் நடந்த ஒரு சண்டையைக் கேளுங்கள். தோல் ஆடை வணிகர்களான ஸ்கின்னர்ஸ், தையற்காரர்களான மெர்ச்சண்ட் டெய்லர்ஸ் என்ற இரண்டு கம்பெனிகள் யார் முன்னே போவது என்று நெடுங்காலம் மோதிக்கொண்டன. 1484ல் மேயர் பில்ஸ்டன் தீர்ப்பு சொன்னார்: ஓராண்டு நீ ஆறாவது, அவன் ஏழாவது, மறு ஆண்டு அவன் ஆறாவது, நீ ஏழாவது, ஆண்டுதோறும் ஒருவர் மாளிகையில் மற்றவர் வந்து விருந்துண்ண வேண்டும். இன்றும் அப்படியே நடக்கிறது.

கண்டதேவித் தேரின் வடத்தை எல்லாச் சாதியினரும் தொட்டு இழுக்கலாம் என்பதற்கு எத்தனை ஆண்டு நீதிமன்றப் படி ஏற வேண்டியிருந்தது? எத்தனை ஆண்டு அந்தத் தேர் நகராமலே கிடந்தது? ‘ஓராண்டு ஊர் முன்னே, ஓராண்டு சேரி முன்னே, ஆளுக்கு ஆள் வீட்டில் சாப்பாடு’ என்று எந்த நாட்டாமையாவது தீர்ப்பு சொன்னதுண்டா? சொல்ல முடியாது. ஏனென்றால் கம்பெனிகளின் வரிசை பணத்தையும் செல்வாக்கையும் வைத்துப் போட்டது, மாற்றிப் போடலாம். சாதியின் வரிசை தீட்டை வைத்துப் போட்டது. தீட்டு முறை வைத்து இடம் மாறாது.

தோலுக்கு வருவோம். அந்தப் பெரிய பன்னிரண்டில் ஒன்று தோல் வணிகக் கம்பெனி. அதற்கு அடுத்த வரிசையில் லெதர்செல்லர்ஸ், சேணம் செய்யும் சாட்லர்ஸ், செருப்புத் தைக்கும் கார்ட்வெய்னர்ஸ், தோலைப் பக்குவப்படுத்தும் கர்ரியர்ஸ் என்று வரிசையாக வருகிறார்கள். 1540ல் நாவிதர்களும் அறுவை மருத்துவர்களும் ஒரே கம்பெனியாக இணைக்கப்பட்டார்கள். 1745ல் மருத்துவர்கள் பிரிந்து போனார்கள், நாவிதர் கம்பெனி இன்றும் இருக்கிறது. துணி வெளுப்பவர்களுக்கு ஒரு கம்பெனி, கட்டடம் துப்புரவு செய்யும் தொழிலுக்கு ஒரு கம்பெனி என்று இருபதாம் நூற்றாண்டில் சேர்ந்தவையும் உண்டு. இந்தத் தொழில்களின் பெயரைச் சொல்லி, ரோமம் வைத்துத் தைத்த அங்கியைப் போட்டுக்கொண்டு, தலை நிமிர்ந்து நடக்கிறார்கள்.

நடப்பவர்களில் பெரும்பாலோர் அந்தத் தொழிலைச் செய்பவர்கள் அல்லர். வழக்கறிஞர், வங்கியாளர், கணக்காளர். செருப்பைத் தொடாமலே செருப்புத் தைப்பவர் கம்பெனியின் தலைவராகலாம். இங்கேதான் அண்ணனின் ஒப்பீடு உடைகிறது. அங்கே தொழில் போய்விட்டது, தொழிலின் மரியாதை மட்டும் மிஞ்சியிருக்கிறது. நம்மிடம் தொழிலை விட்டு நான்கு தலைமுறை ஆன பிறகும் தொழிலின் இழிவு மட்டும் மிஞ்சியிருக்கிறது. தாத்தா பறையடித்தார் என்பதற்காகப் பேரன் மருத்துவம் படித்தாலும் விடுதி அறையில் அந்தப் பெயரால் அழைக்கப்படுகிறான். தொழில் சங்கம் என்றால் தொழிலை விட்டவுடன் உறுப்பினர் பதவியும் போக வேண்டுமே? எந்தச் சாதிச் சங்கத்தில் விண்ணப்பம் போட்டு இவர் ராஜினாமா செய்வது?

ஜூலையில் ஒரு காட்சி. திராட்சை மது வணிகர்களான விண்ட்னர்ஸ் கம்பெனியின் புதிய தலைவர் தேவாலயத்துக்கு நடந்து போகிறார். அவருக்கு முன்னால் வெள்ளை அங்கியும் உயரத் தொப்பியும் அணிந்த ஒருவர் துடைப்பத்தால் சாலையைப் பெருக்கிக்கொண்டே போகிறார். பின்னால் வருகிறவர்கள் கையில் பூச்செண்டு. சாக்கடை நாறிய காலத்தில் சேற்றில் கால் வழுக்காமலிருக்கத் துடைப்பம், நாற்றம் மூக்கில் ஏறாமலிருக்கப் பூ. சுற்றுலாப் பயணிகள் சிரித்தபடி படம் எடுத்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. துடைப்பம் பிடித்தவர் ஊர்வலம் முடிந்ததும் உள்ளே போய்த் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டார். அன்றைக்கு அது வேடம். நம் ஊரில் துடைப்பம் கையைவிட்டு இறங்குவதில்லை. 2013ல் சட்டம் போட்ட பிறகும் மலக்குழிக்குள் இறங்கிச் சாகிறவர்கள் எந்தத் தெருவிலிருந்து வருகிறார்கள் என்பது நம் எல்லோருக்கும் தெரியும்.

இனி கோப்பைக்கு வருகிறேன். இதை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

விருந்து முடியும் தறுவாயில் இரண்டு கைப்பிடி வைத்த பெரிய வெள்ளிக் கோப்பை வரும். ‘அன்புக் கோப்பை’ என்று பெயர். ஒருவர் எழுந்து மூடியைத் திறந்து பிடிக்க, அடுத்தவர் குடிப்பார். குடிப்பவரின் முதுகுக்குப் பின்னால் இன்னொருவர் காவலாகத் திரும்பி நிற்பார். குடித்துக்கொண்டிருந்த ஓர் இளம் மன்னனை முதுகில் குத்திக் கொன்றதாக ஒரு பழைய கதை. அதனால் இந்தக் காவல். குடித்தவர் விளிம்பைத் துணியால் துடைத்துவிட்டு அடுத்தவரிடம் தருவார். அப்படியே மேசை முழுக்கச் சுற்றும். நூறு பேர், ஒரே விதமான கோப்பை, ஒருவர் வாய் வைத்ததில் அடுத்தவர் வாய்.

முதல் முறை பார்த்தபோது கையிலிருந்த தட்டை மறந்து நின்றுவிட்டேன். மேற்பார்வையாளர் கண்ணைக் காட்டிய பிறகுதான் நகர்ந்தேன்.

அதே வாரம் அதே மாளிகையின் பின்கட்டில் இன்னொரு கோப்பை இருந்தது. எங்கள் குழுவில் பக்கத்து மாவட்டத்து அண்ணன் ஒருவர் வேலை பார்த்தார். பாசமானவர். வீட்டிலிருந்து பிளாஸ்க்கில் இஞ்சி டீ கொண்டுவருவார். பிளாஸ்க் மூடியில் ஊற்றித் தான் குடித்துவிட்டு எனக்கும் அதிலேயே ஊற்றிக் கொடுப்பார். ஒரு மாதம் போயிருக்கும்.

“தம்பிக்கு ஊரு எதுன்னு சொன்னீங்க?”

சொன்னேன்.

“ஊருக்குள்ளயா, காலனியா?”

“காலனிதாண்ணே.”

“ஓ”, அவ்வளவுதான் சொன்னார். முகம்கூட மாறவில்லை. மறுநாளிலிருந்து எனக்கு மட்டும் பேப்பர் கப்பில் டீ வந்தது. டீ குறையவில்லை, பாசமும் குறையவில்லை, கப் மட்டும் மாறியது. நம் ஊர் டீக்கடைகளில் கண்ணாடிக் குவளை இரண்டு வைத்தால் வழக்கு வரும் என்று பேப்பர் கப்புக்கு மாறிய அதே சாமர்த்தியம், ஐயாயிரம் மைல் கடந்து வந்திருந்தது. அரசு ஆவணங்களிலிருந்து ‘காலனி’ என்ற சொல்லை நீக்குவதாக 2025 ஏப்ரலில் முதல்வர் சட்டப்பேரவையில் அறிவித்தபோது எனக்கு அந்தப் பேப்பர் கப்தான் நினைவுக்கு வந்தது. 2022 டிசம்பரில் வேங்கைவயலில் குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்த செய்தி வந்தபோதும் அதே நினைவுதான். அங்கே விசாரிக்கப் போன மாவட்ட ஆட்சியர் கண்ணில் பட்டதும் டீக்கடை இரட்டைக் குவளைதானே?

சுவருக்கு இந்தப் பக்கம் கில்டு, அந்தப் பக்கம் சாதி. இரண்டும் ஒன்று என்கிறவர் இரண்டு கோப்பையையும் ஒரே நாளில் பார்த்ததில்லை.

அதற்காகக் கில்டைப் புனிதமாக்க நான் வரவில்லை. அண்ணன் ‘அவனைக் கேட்க ஆளில்லை’ என்றாரே, கேட்க வேண்டியது நிறைய இருக்கிறது. கம்பெனியில் சேர மூன்று பழைய வழிகள்: தொழில் பழகிச் சேர்வது, பணம் கட்டிச் சேர்வது, உறுப்பினரின் பிள்ளை என்பதால் சேர்வது. மூன்றாவது வழி பிறப்புரிமையன்றி வேறென்ன? 1731ல் மேயரின் ஆணை ஒன்று, கறுப்பினத்தவரை எந்தக் கம்பெனியிலும் தொழில் பழகச் சேர்க்கக் கூடாது என்றது. யூதர்கள் 1830 வரை சிட்டியின் உரிமை உறுப்பினராக முடியவில்லை. ஒரு பெண் லார்டு மேயராக 1983 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பதினேழாம் நூற்றாண்டில் வட அயர்லாந்தில் அந்த மண்ணின் மக்களிடமிருந்து பறித்த நிலம் பெரிய பன்னிரண்டு கம்பெனிகளுக்கும் பங்கு போடப்பட்டது. ஜமைக்காத் தோட்டங்களில் அடிமைகளை வைத்துச் சம்பாதித்த வில்லியம் பெக்ஃபோர்டு இரண்டு முறை லார்டு மேயர். அவர் சிலை கில்டுஹாலில் நிற்கிறது. 2021 ஜனவரியில் அதை அகற்றுவதென்று முடிவெடுத்தார்கள். அதே ஆண்டு அக்டோபரில் மனம் மாறி, விளக்கப் பலகை வைத்தால் போதும் என்றார்கள். இவையெல்லாம் நவம்பர் ஊர்வலத்தில் அலங்கார வண்டியாக வருவதில்லை.

நமக்கும் அந்தக் கதையில் பங்குண்டு. 1599 செப்டம்பரில் கிழக்கிந்தியக் கம்பெனி தொடங்க வணிகர்கள் கூடியதே ஒரு கில்டு மாளிகையில், வார்ப்புத் தொழிலாளர் கம்பெனியின் மாளிகையில்தான். அந்தக் கம்பெனி சென்னைக்கு வந்து கோட்டை கட்டியது. வலங்கை, இடங்கைச் சாதிகள் ஊர்வலப் பாதைக்காக மோதிக்கொண்டபோது, 1707ல் ஆளுநர் தாமஸ் பிட் காலத்தில் தெருக்களைப் பிரித்துக் கொடுத்துப் பிரச்சினையை முடிக்கப் பார்த்தார்கள். தங்கள் ஊரில் ‘முறை மாற்றிக்கொள், சேர்ந்து சாப்பிடு’ என்று தீர்ப்பு சொன்ன நகரத்தார், நம் ஊரில் ‘உன் தெரு உனக்கு, அவன் தெரு அவனுக்கு’ என்றார்கள். சாதியை அவர்கள் உருவாக்கவில்லை. அதன் வேலியைப் பிடுங்குவதைவிடக் காவல் காப்பது வியாபாரத்துக்கு லாபம் என்று கண்டுகொண்டார்கள்.

ஆக, கில்டு நல்லது, சாதி கெட்டது என்பதல்ல என் வாதம். கில்டு கதவை அடைத்தது. அடைத்த கதவைச் சட்டமும் போராட்டமும் தட்டித் திறந்தன. திறந்த பிறகு உள்ளே போனவரோடு ஒரே கோப்பையில் குடிக்க யாருக்கும் பிராயச்சித்தம் தேவைப்படவில்லை. மீன் வணிகர் மகள் துணி வணிகர் மகனைக் கட்டிக்கொண்டால் அவர்களை வெட்டி ரயில் தண்டவாளத்தில் போடவில்லை. சாதியைத் தாங்கும் தூண் தொழில் அல்ல, அகமணம். ‘தொழில் பிரிவினைதான்’ என்ற சமாதானத்தை அண்ணல் அம்பேத்கர் 1936லேயே ‘சாதி ஒழிப்பு’ நூலில் உடைத்துப் போட்டுவிட்டார். தொண்ணூறு ஆண்டாகியும் அதே உடைந்த பானையை ஈயம் பூசி விற்க வருகிறார்கள்.

ஏன் விற்கிறார்கள் என்பதுதான் முக்கியம். இது வெறும் பந்திப் பேச்சு அல்ல. 1953ல் ராஜாஜி கொண்டுவந்த திட்டம், பாதி நாள் பள்ளி, மீதி நாள் அப்பன் தொழில் என்றது. பெரியாரும் மக்களும் அதைக் குலக்கல்வி என்று பெயர் சொல்லி அடித்தார்கள். 1954ல் காமராசர் வந்ததும் அது குப்பைக்குப் போனது. 2023 செப்டம்பரில் ஒன்றிய அரசு தொடங்கிய விஸ்வகர்மா திட்டம் செருப்புத் தைத்தல், முடி திருத்தல், துணி வெளுத்தல் உள்ளிட்ட 18 தொழில்களுக்குக் கடனும் பயிற்சியும் தருகிறது. குடும்பத்தின் பாரம்பரியத் தொழிலாக இருக்க வேண்டும், பதினெட்டு வயது ஆனால் போதும் என்றது. குடும்பத் தொழில் என்ற நிபந்தனையை நீக்குங்கள், குறைந்தபட்ச வயதை 35 ஆக்குங்கள் என்று தமிழ்நாடு அரசு கேட்டது. இப்போதைய வடிவில் செயல்படுத்த மாட்டோம் என்று 2024 நவம்பரில் கடிதமும் எழுதியது. கல்லூரிக்குப் போக வேண்டிய வயதில் அப்பன் தொழிலுக்குக் கடன் கொடுப்பதை ‘கைவினை மரபு’ என்று விற்க ‘சாதி என்பது நம் கில்டு’ என்ற வசனம் தேவைப்படுகிறது.

லண்டனிலும் அது தேவைப்படுகிறது. 2010ல் பிரிட்டன் கொண்டுவந்த சமத்துவச் சட்டத்தில், சாதியைப் பாகுபாட்டின் காரணங்களில் ஒன்றாக அமைச்சர் ‘சேர்க்கலாம்’ என்று ஒரு வரி இருந்தது. 2013ல் நாடாளுமன்றம் அதைச் ‘சேர்க்க வேண்டும்’ என்று மாற்றியது. ஐந்தாண்டு இழுத்தடித்துவிட்டு, 2018 ஜூலையில் அரசு, தனிச் சட்டம் வேண்டாம், நீதிமன்றத் தீர்ப்புகளே போதும் என்று கைகழுவியது. அந்தத் தீர்ப்பு யாருடையது தெரியுமா? இந்தியாவிலிருந்து கூட்டிவரப்பட்ட ஒரு வீட்டுப் பணிப்பெண்ணுடையது. மணிக்குச் சில பென்ஸ் கூலியில் அவரைப் பிழிந்தெடுத்த வழக்கில், 2015ல் தீர்ப்பாயம் 1,83,000 பவுண்டுக்கு மேல் கொடுக்க உத்தரவிட்டது. அவர் தன் உடம்பைப் பணயம் வைத்துப் போராடியதால் கிடைத்த ஒரு தீர்ப்பைச் சட்டத்துக்கு மாற்றாக நீட்டுகிறார்கள். சாதியைச் சட்டத்தில் சேர்ப்பது எங்கள் சமூகத்தையே களங்கப்படுத்தும் என்று இங்குள்ள இந்து அமைப்புகள் சில வாதாடின. ஊரில் சாதிச் சங்கக் கூட்டத்தில் சாதிப் பெருமை, லண்டனில் அதிகாரியின் முன்னால் ‘சாதியா, அது பழைய தொழில் சங்கம் சார்’. ஒரே வாய், இரண்டு குவளை.

அண்ணனுக்கு என் பதில் இதுதான். கில்டை முன்மாதிரியாகக் காட்டுகிறீர்கள், நல்லது. அப்படியானால் முழுதாகவே எடுத்துக்கொள்வோம். யார் முன்னே, யார் பின்னே என்பதை ஆண்டுக்கு ஆண்டு மாற்றுவோம். இந்த ஆண்டு முதல் மரியாதை காலனிக்கு. செருப்புத் தைப்பவர் பெயரில் ஒரு மாளிகை கட்டி, அதற்குத் தலைவராக உங்கள் மகனை உட்காரவைப்போம். தங்கச்சிக்கு வரன் தேடும் விளம்பரத்தில் சாதிப் பத்தியை எடுத்துவிடுவோம், கில்டில் அப்படி ஒரு பத்தி இல்லை. இங்கே சாதிப் பாகுபாட்டைத் தடை செய்யும் சட்டம் கேட்டு நாங்கள் மனு போடும்போது முதல் கையெழுத்தை நீங்கள் போடுங்கள். வெறும் தொழில் சங்கத்துக்கு அந்தச் சட்டத்தால் என்ன பயம்?

இவற்றில் ஒன்றுக்காவது அவர் சம்மதித்தால் ‘கில்டு’ என்ற சொல்லை அவர் பயன்படுத்திக்கொள்ளட்டும். சம்மதிக்காவிட்டால் அந்தச் சொல்லைக் கீழே வைத்துவிட்டு, சாதியைச் சாதி என்றே சொல்லட்டும்.

தம்பி, தங்கைகளே, இந்த வாதம் உங்கள் இலைக்குப் பக்கத்திலும் வந்து உட்காரும். என்னைப் போல எழுந்து கை கழுவப் போகாதீர்கள். பாயசம் ஆறட்டும். பேப்பர் கப்பில் டீ வந்த அன்றே நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. கேட்காமல் வாங்கிக் குடித்தேன், இன்றுவரை அது தொண்டையில் நிற்கிறது. நீங்கள் கேளுங்கள்: “அண்ணே, நேத்து வரைக்கும் குடுத்த கப்பு எங்க?”